பின் குசினிக்கு லைன் வந்தது

ஒருத்தியின் மானம் போக என்ன வேண்டும்? பெரிய குற்றம் எதுவும் செய்ய வேண்டாம். உள்ளங்கையில் குழம்பை ஊற்றி, கண்ணை மேலே செருகி, நாக்கை நீட்டுகிற நேரம் பார்த்து வைஃபை நின்றால் போதும். குமுதவல்லிக்கு அதுதான் நடந்தது.

சிரம்பானில் புனிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய மாதர் சங்கம் ஞாயிறு காலையில் ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒரு சமையல் நிகழ்ச்சி நடத்துகிறது. வாரம் ஒரு பெண், அவரவர் வீட்டு அடுப்பிலிருந்தே சமைத்துக் காட்ட வேண்டும். லுக்குட் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் குமுதவல்லியைக் கூப்பிட்டது கம்பத்து நாட்டுக்கோழிப் பெரட்டலுக்கு. கூப்பிட்ட அன்றைக்கு அவள் தரையில் நடக்கவில்லை. பின்னே? கோயில் திருவிழாவா, சடங்கா, கருமாதியா, தோட்டத்தில் பெரிய சட்டி ஏறினால் கரண்டி அவள் கையில்தான். ஊரே விரலைச் சப்பிக்கொண்டு போகும். யார் சமைத்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டுமே! கேட்டதில்லை. முதல் தடவையாக ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க முகத்தைக் காட்டி சமைங்கக்கா" என்றாள். அந்த ஆசை குமுதவல்லிக்கு நெஞ்சு முட்ட இருந்தது.

அவளுடைய விறகடுப்பு இருப்பது வீட்டுக்குப் பின்னால், தனியாக. கணவன் மகேந்திரன் தன் கையாலேயே நாலு பக்கமும் தகரம் அடித்துக் கட்டிக் கொடுத்த குசினி. வைஃபை பெட்டி இருப்பதோ முன் ஹாலில். அங்கிருந்து பின் குசினிக்கு வந்து சேர்வதற்குள் லைனுக்கு உயிர் போய்விடும். போனில் ஒரே ஒரு கோடு தெரியும், அதுவும் இருக்கட்டுமா போகட்டுமா என்று தெரியும். போன் கம்பெனி லைனைப் பற்றிப் பேசவே வேண்டாம், செம்பனைக்கு நடுவில் அது எட்டிக்கூடப் பார்க்காது.

முதல் நேரலையில் அந்த ஒரு கோடு, உப்பு பார்க்கிற கட்டம்வரை தாக்குப் பிடித்தது. அப்புறம் செத்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் திரையிலும் நாக்கை நீட்டிய குமுதவல்லி அப்படியே நின்றாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுக்கு அது தெரியவே தெரியாது. அவள் பாட்டுக்குக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள், மிளகைக் கடைசியில்தான் தூவ வேண்டும் என்று பக்குவம் சொன்னாள், "எல்லாருக்கும் நன்றிங்க" என்று கை கூப்பினாள். சுவருக்குச் சொன்ன நன்றி. புனிதா கூப்பிட்டும் பார்த்தாளாம். லைனே இல்லாத குசினியில் எந்த அழைப்பு வரும்?

முன் ஹாலுக்கு வந்தபோதுதான் போன் சாமி வந்ததுபோல் அதிர ஆரம்பித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். பகாவில் இருக்கும் நாத்தனார் தனலெட்சுமி, மகேந்திரனின் தங்கை, அந்த முகத்தை வெட்டி ஸ்டிக்கராகவே போட்டிருந்தாள். கீழே எல்லாரும் சிரித்துச் சிரித்து விழுந்திருந்தார்கள்.

அன்றோடு முடிந்ததா? காலை வணக்கத்துக்கு அந்த ஸ்டிக்கர். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அந்த ஸ்டிக்கர். சின்ன மாமனாருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று செய்தி வந்தால் அதற்கும் அந்த ஸ்டிக்கர். குமுதவல்லியும் கூடச் சேர்ந்து சிரிப்பதுபோல் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டு, குசினிக்குப் போய் அழுதாள். அழுகையை மகேந்திரனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், "விளையாட்டுக்குப் போட்டதுலா" என்பான். விளையாட்டுதான். அவள் முகத்தை வைத்து விளையாட்டு.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை புனிதா மறுபடியும் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளன்னிக்கு வர்றதா இருந்தவங்களுக்கு ஒடம்பு முடியல. நீங்க செய்றீங்களா?"

"செய்றேன்" என்றாள் குமுதவல்லி, கேட்டு முடிப்பதற்குள்.

"ஆனா அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தவாட்டியும் நின்னுச்சுன்னா சங்கத்துல என்னைத்தான் கேப்பாங்க. அப்பறம் என்னால ஒங்கள கூப்பிடவே முடியாது."

போனை வைத்ததும் மகேந்திரன் சுலபமாக ஒரு வழி சொன்னான். "முன் குசினியில கேஸ் அடுப்பு சும்மாதானே கெடக்கு? அங்க வச்சு செஞ்சிடு."

"கேஸ்ல வச்சா அது வெறும் கறிங்க. ரப்பர் மரக்கட்டை புகை ஏறுனாத்தான் பெரட்டல். என் அடுப்ப காட்டத்தானே கூப்புட்டாங்க? அந்த எடத்துலதான் என் மூஞ்சி நின்னுச்சு. அங்கயே ஓடணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் அப்படிப் பேசினால் மூடிக்கொள்வது நல்லது என்று தெரிந்தவன்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் மோட்டார் சைக்கிளில் லுக்குட்டுக்குப் போனார்கள். மின்சாமான் கடை முதலாளியான தவுக்கே விஷயத்தைக் கேட்டுவிட்டு, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொருளை எடுத்து வைத்தார். எக்ஸ்டெண்டராம். வைஃபை பெட்டியிலிருந்து லைனை வாங்கி, இன்னும் கொஞ்ச தூரத்துக்குத் தள்ளிவிடுமாம். "தெக்கான் சினி, தெக்கான் சானா, சியாப்லா!" என்று விரலால் காற்றை அமுக்கிக் காட்டினார். இதில் ஒரு பொத்தானை அமுக்கு, அதில் ஒரு பொத்தானை அமுக்கு, இரண்டும் சேர்ந்துகொள்ளும், முடிந்தது வேலை.

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகேந்திரன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையில் இறங்கினான். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன். எந்த இயந்திரமானாலும் ரெண்டு தட்டுத் தட்டினால் வழிக்கு வந்துவிடும் என்பது அவன் கட்சி. எக்ஸ்டெண்டரைப் பக்கத்து அறைப் பிளக்கில் சொருகி அதன் பொத்தானை அமுக்கினான். பச்சை விளக்கு மினுக் மினுக் என்றது. ஓடிப்போய் வைஃபை பெட்டியில் இருந்த பொத்தானை அமுக்கினான். அது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. எக்ஸ்டெண்டர் கொஞ்ச நேரம் மினுக்கிப் பார்த்துவிட்டுச் சிவப்புக்கு மாறியது.

மறுபடியும் அமுக்கினான், சிவப்பு. கட்டை விரலை வைத்து, பல்லைக் கடித்து அமுக்கினான், அப்போதும் சிவப்புதான்.

"கடைக்காரன் நல்லா தலையில கட்டிட்டான் குமுதா! ஓட்டை சாமான்!"

"சாமான் மேல ஏன் பாயுறீங்க? புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பாப்போம்."

குமுதவல்லி தரையில் உட்கார்ந்து அந்தக் குட்டிப் புத்தகத்தின் மலாய்ப் பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பொத்தான் வேலை செய்யாவிட்டால் போன் மூலமாகவும் சேர்க்கலாம், அதற்கு வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு வேண்டும் என்று இருந்தது. மகேந்திரன் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்த காகிதம் எண்ணெய் ஊறி, மசால்வடை சுற்றிய பேப்பர் மாதிரி இருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

எண்ணெய் எப்படி வந்தது? அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டு ஹாலில் மூலைக்கு ஒன்றாகப் பிளக் கிடையாது. இருந்த ஒன்று சாமி மேடைக்குப் பக்கத்தில். அதனால் பெட்டி மாட்ட வந்த ஆள், முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவே இருந்த இடத்தில் அதை உட்கார வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அது சாமிகளோடு சாமியாக, விளக்கு எண்ணெயையும் சாம்பிராணிப் புகையையும் வாங்கிக்கொண்டு இருக்கிறது.

"சேர்ந்தாப்புல மூணு சாமியையும் கும்புட்டும் ஒண்ணுகூட வழி விடலையே" என்று முணுமுணுத்தான் மகேந்திரன். எக்ஸ்டெண்டரை டப்பாவுக்குள் திணிக்கப் போனான். "நாளைக்கு கடை இல்ல. திங்கக்கெழம குடுத்துட்டு வந்துடறேன். புனிதாவுக்கு முடியலன்னு சொல்லிடு."

"டப்பாவ கீழ வைங்க."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வைத்துவிட்டான்.

முடியலன்னு சொல்வதா? சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? நாளைக் காலையில் குழுவில் யாராவது, "இன்னைக்கு அண்ணி வரலையா?" என்பார்கள். தனலெட்சுமி அந்த ஸ்டிக்கரைப் போடுவாள். குமுதவல்லி சாகிறவரைக்கும் அதுதான் அவள் முகம். பெரட்டலும் கிடையாது, பெயரும் கிடையாது.

எக்ஸ்டெண்டரைக் கையில் எடுத்து, அதன் பொத்தானைச் சும்மா அமுக்கினாள். டிக் என்றது. வைஃபை பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். சத்தமே இல்லை. திரும்ப எக்ஸ்டெண்டர், டிக். திரும்பப் பெட்டி, ஒன்றும் இல்லை. பொத்தான் உள்ளே போகவே இல்லை.

பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக மாவு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஐயய்யோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சந்தனம்! ஆயுத பூஜைக்கு லோரிக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கும்போது, உழைக்கிற சாமானாயிற்றே என்று பெட்டிக்கும் வைத்தாள். எங்கே வைப்பது? முகப்பில் நடுவே, வட்டமாக, நெற்றி மாதிரி ஓர் இடம் இருந்தது. பொட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அதோடு விட்டாளா? சாமி மேடையிலேயே இருக்கிறதே, வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு மாற்றும்போது அதை மட்டும் விட்டுவிட மனசு வருமா? முருகனுக்கு ஒன்று, மாரியம்மனுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. வாரம் தவறாமல், மேலே மேலே. அந்த நெற்றிதான் பொத்தான். சந்தனம் சந்து பொந்தெல்லாம் இறங்கிக் காய்ந்து, சிமெண்ட் பூசிய மாதிரி இறுகிக் கிடந்தது.

மகேந்திரன் எட்டிப் பார்த்தான். கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு கணம் முழித்துவிட்டுச் சிரிப்பில் இறங்கினான். "அடிப்பாவி! கும்புட்டு கும்புட்டே அத ஊமையாக்கிட்டியேடி!"

"சிரிச்சது போதும். பிளக்க புடுங்குங்க."

வளையலில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றினாள். பொத்தானைச் சுற்றி மெள்ள மெள்ளக் கீறி, காய்ந்த சந்தனத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தாள். காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துடைத்தாள், ஊதினாள், காயவிட்டாள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

டிக்.

அவள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். இரண்டையும் சொருகி, இங்கே ஒரு அமுக்கு, அங்கே ஒரு அமுக்கு. இரண்டு விளக்கும் மினுக்கின. எக்ஸ்டெண்டர் பச்சையில் நின்றது.

"வந்துருச்சு! வந்துருச்சுலா!" என்று மகேந்திரன் அதைப் பிடுங்கிக்கொண்டு பின் குசினிக்கு ஓடினான். அங்கே இருந்த பிளக்கில் சொருகினான். கொஞ்ச நேரத்தில் சிவப்பு.

அவன் முகம் தொங்கிவிட்டது. ஆனால் இந்தத் தடவை குமுதவல்லி அசரவில்லை. புத்தகத்தில் அதற்கும் பதில் இருந்ததை அவள் படித்திருந்தாள். "ஏங்க, நீங்க லோரிய கொண்டுபோய் பழமே இல்லாத எடத்துல நிறுத்துனா எதை ஏத்துவீங்க?"

"பழம் வெட்டிப் போட்ட எடத்துலதான் நிறுத்துவேன்."

"அதேதான். இங்கதான் லைனே இல்லையே, இது எதை வாங்கி எதைத் தள்ளும்? லைன் நல்லா இருக்கிற எடத்துல வைக்கணும். பாதி வழியில."

பாதி வழி என்பது முன் குசினி ஜன்னல். அங்கே கரண்டில் ஓடும் சோற்றுப் பானையின் பிளக் ஒன்று இருந்தது. சோற்றுப் பானையை நகர்த்தி எக்ஸ்டெண்டரைச் சொருகினாள். பச்சை. போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் நடந்தாள். கோடுகள் நிறைய இருந்தன. பின் குசினிக்குள் காலை வைத்தாள். பாதி காணாமல் போனது. வெளியே வந்தால் வருகிறது, உள்ளே போனால் போகிறது.

அவள் தகரச் சுவரைப் பார்த்தாள். மகேந்திரனும் அவள் பார்ப்பதைப் பார்த்தான்.

"என்ன?" என்றான்.

"இரும்பு தகரம் இருந்தா லைன் நுழையாதாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அதுக்கு?"

"வீட்ட பார்த்த பக்கம் ஒரே ஒரு தகரத்த கழட்டிடலாங்க."

அவ்வளவுதான், மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் கட்டுன குசினிய பிரிக்கச் சொல்றியா? ஒரு சொட்டு மழை உள்ள வந்திருக்கா? எந்த புயலுக்காவது ஆடியிருக்கா? ஒன் ஃபேஸ்புக்குக்காக அத பிரிக்கணுமா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய், நிற்கிற மோட்டாரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

குமுதவல்லி கெஞ்சவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, சுத்தியலின் பிளந்த பக்கத்தை ஓர் ஆணிக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். க்ரீச் என்றது. ஆணி அசைந்ததே தவிர வரவில்லை. மகேந்திரன் அடித்த ஆணி, லேசில் வருமா? அவள் விடவில்லை. நெம்பிக்கொண்டே, அழுகையும் ஆத்திரமுமாக, அவன் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "இது நல்ல குசினிதான். ஒங்க தங்கச்சி போட்ட படத்துல இந்த குசினிதான் இருக்கு, முன்னால என் நாக்கும் இருக்கு. தெனமும் எல்லாரும் அதப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க. ஒங்களுக்கு சிரிப்பு, எனக்கு வயிறு எரியுது."

மோட்டார் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

"எறங்கு. கைய கிழிச்சிக்காத" என்றான். அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். "அழுதியா அதுக்கு? எங்கிட்ட சொல்லக்கூடாது?"

"சொன்னா வெளையாட்டுன்னு சொல்லியிருப்பீங்க."

அவன் முக்காலியில் ஏறினான். தான் அடித்த ஆணிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தகரம் கழன்று விழுந்ததும் வெயில் பளிச்சென்று அடுப்புமேல் வந்து விழுந்தது. போனில் அத்தனை கோடும் நிறைந்து நின்றது.

ஞாயிறு காலையில் குளித்து, மாம்பழ நிறப் புடவை கட்டி, சாமி கும்பிட்டாள். பெட்டியின் உச்சந்தலையில், பொத்தானுக்கு எட்டாத தூரத்தில், ஒரு பொட்டு வைத்தாள். எக்ஸ்டெண்டரிடம் போனபோது பின்னாலிருந்து ஒரு அலறல். "பட்டன்ல வைக்காத தாயே!" மகேந்திரன் பல் துலக்குகிற பிரஷோடு ஓடி வந்தான். அவள் சிரித்துக்கொண்டே அதற்கும் ஓரமாக ஒன்று வைத்தாள்.

"வணக்கம். நான் குமுதவல்லி. இது என் அடுப்பு" என்று ஆரம்பித்தாள். ரப்பர் கட்டை நன்றாகப் பிடித்து எரிந்தது. மசாலா வதங்கியது, கோழி சட்டியில் இறங்கியது. போன் திரையின் அடியில் ஆட்கள் எழுதுவது ஓடிக்கொண்டே இருந்தது. போர்டிக்சனிலிருந்து ஒருத்தி வணக்கம் சொன்னாள். ஜொகூரிலிருந்து ஒருத்தி, சோம்பு எப்போது போடுவது என்று கேட்டாள். இந்தத் தடவை குமுதவல்லிக்குச் சூட்சுமம் தெரியும்: எழுத்து ஓடுகிறவரைக்கும் லைன் ஓடுகிறது. ஜன்னலில் எக்ஸ்டெண்டருக்குக் காவலாக மகேந்திரன் நின்றான். சோற்றுப் பானையைக்கூடக் கிட்டே விடவில்லை.

கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. உப்பு பார்க்க வேண்டும். கரண்டியால் அள்ளி உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினாள். திரையைப் பார்த்தாள். எழுத்து ஓடுகிறது. பச்சை எரிகிறது என்று ஜன்னலிலிருந்து கட்டை விரல் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது.

கையைத் தூக்கினாள். கண்ணை மேலே செருகினாள். நாக்கை நீட்டினாள். அப்படியே நின்றாள். அசையவில்லை, இமைக்கவில்லை, மூச்சுகூட விடவில்லை. அச்சு அசல் அந்த ஸ்டிக்கர்.

ஜன்னலில் மகேந்திரன் எக்ஸ்டெண்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து வெலவெலத்துப் போனான். நேரில் நிற்கிற பெண்டாட்டி எப்படி நின்றுபோவாள் என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. திரையில் எழுத்து கடகடவென்று ஓடியது. 'ஐயோ அக்கா!' 'மறுபடியும் போச்சா?' 'பாவம்ங்க.' அவற்றுக்கு நடுவே, அவள் காத்திருந்த பெயர் வந்தது. தனலெட்சுமி எழுதியிருந்தாள்: 'அண்ணி மறுபடியும் நின்னுட்டாங்க! எல்லாரும் படம் எடுங்க!'

குமுதவல்லி கண்ணை மெதுவாகத் திரையின் பக்கம் இறக்கினாள். உள்ளங்கையை நிதானமாக நக்கினாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"தனம், நான் நிக்கலம்மா. உப்பு பாக்குறேன். சரியா இருக்கு."

அதற்குப் பிறகு திரையில் ஓடியது வெள்ளம். சிரிப்பும் கைதட்டலும் இதயமுமாக, படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. ஜன்னல் பக்கம் மகேந்திரன் போட்ட சத்தத்தில் கொல்லைக் கோழிகள் சிதறின. குமுதவல்லி சட்டியை இறக்கி, மிளகு இப்போதுதான் என்று சொல்லித் தூவி, இறக்கிய பெரட்டலை வாழை இலையில் வைத்துக் காட்டி, கை கூப்பி, "எல்லாருக்கும் நன்றிங்க" என்றாள். இந்தத் தடவை அந்த நன்றி போய்ச் சேர்ந்தது.

புனிதா கூப்பிட்டுக் கத்தினாள். "அக்கா, என் உசுரே போயிருச்சு! அடுத்த மாசம் கருவாட்டுக் குழம்பு, நீங்கதான்!"

குடும்பக் குழுவில் மத்தியானத்துக்கு மேல் தனலெட்சுமிதான் முதலில் எழுதினாள்: 'அண்ணி, அந்த மிளகு எப்ப போடணும்னு சொன்னீங்க? எனக்குக் கொஞ்சம் பெரட்டல் எடுத்து வைங்க. சாயங்காலம் வர்றேன்.'

குமுதவல்லி அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தகரம் இல்லாத பக்கத்திலிருந்து காற்று வர, அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஸ்டிக்கர்களைத் திறந்து, நாக்கை நீட்டிய தன் முகத்தைத் தேடி எடுத்து, தானே முதல் தடவையாக அதைப் போட்டாள். கீழே எழுதினாள்: 'வா தனம், உப்பு பாக்கலாம்.'